தமனிச் சுவரில் எலும்பு

முழு உடல் பரிசோதனைக்குப் போய்வருகிறவர்களின் அறிக்கையில் இப்போதெல்லாம் ‘கால்சியம் ஸ்கோர்’ என்று ஒரு வரி இருக்கிறது. இதயத் தமனிகளின் சுவரில் எவ்வளவு கால்சியம் சேர்ந்திருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேன் எடுத்துக் கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. எண் சற்றுப் பெரிதாக இருந்துவிட்டால் வீட்டில் முதலில் நிற்பது பால். அடுத்து கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெத்திலி. எலும்புத் தேய்மானத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் யாரையும் கேட்காமல் நின்றுபோகிறது. அக்கறையால்தான் செய்கிறார்கள். ஆனால் இதனால் தமனிக்கு ஒரு நன்மையும் இல்லை. எலும்புக்குக் கேடு நிச்சயம் உண்டு. தமனிக்குள் நடப்பது என்ன என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆளில்லாததுதான் குறை.

நம் மனத்தில் இருக்கும் படம் எளிமையானது. ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிப்போகுமே, அப்படித்தான் ரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படிகிறது என்று நினைக்கிறோம். சாப்பாட்டில் கால்சியம் கூடினால் ரத்தத்தில் கூடும், ரத்தத்தில் கூடினால் குழாயில் படியும் என்ற கணக்கு அதிலிருந்து பிறக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுக்க மருத்துவ உலகமும் இதற்கு மிகத் தள்ளி நின்று யோசிக்கவில்லை. வயதானால் திசு நலிந்து சாகும், செத்த இடத்தில் சுண்ணாம்பு ஏறும், அதைத் தடுக்க வழியில்லை என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன.

இத்தனைக்கும் உண்மை அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, நோயுற்ற தமனிகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, சில இடங்களில் நடந்திருப்பது வெறும் சுண்ணாம்பு ஏற்றம் அன்று, எலும்பாக்கமே என்று எழுதினார். 1906இல் பண்டிங் என்ற அறிஞர், தடித்து இறுகிப்போன ஒரு பெருந்தமனியின் சுவரில் உண்மையான எலும்பையும், அந்த எலும்புக்குள் ரத்த அணுக்களை உண்டாக்கும் சிவப்பு மஜ்ஜையையும் கண்டு கட்டுரையாக வெளியிட்டார். மஜ்ஜை எங்கிருந்தோ வந்து படிகிற பொருள் இல்லை. அது உருவாக, எலும்பைக் கட்டும் செல்கள் முதலில் வேண்டும். கட்டியதைக் குடைந்து இடம் உண்டாக்கும் செல்கள் வேண்டும். அந்த இடத்துக்குள் புதிய நுண்குழாய்கள் நுழைய வேண்டும். கருவில் வளரும் குழந்தையின் கால் எலும்பில் என்னென்ன நடக்கிறதோ அவ்வளவும், ரத்தம் ஓடுவதற்கென்றே அமைந்த ஒரு குழாயின் சுவரில், முதிர்ந்த வயதில் நடந்திருக்கிறது. இவ்வளவு வியப்பான செய்தி பல பத்தாண்டுகள் நூலகத்தில் கிடந்தது.

அபூர்வமான ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை இது. பென்சில்வேனியாவில் எமில் மோலர் குழு, அறுவைசிகிச்சையில் அகற்றப்பட்ட 347 இதய வால்வுகளை ஆராய்ந்து 2001இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 36 வால்வுகளில் அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பு இருந்தது; எலும்பு கட்டப்படுவதும் கரைக்கப்படுவதும் அங்கே நடந்துகொண்டிருந்ததற்கான அடையாளங்களும் இருந்தன. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கால்சியம் ஏறிய தமனி எல்லாமே எலும்பு ஆகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது முழு எலும்பு என்ற நிலையை எட்டுவதில்லை. எலும்பில் இருக்கும் அதே ஹைட்ராக்ஸிஅபடைட் படிகம் இருக்கும், எலும்பு கட்டும் புரதங்கள் பலவும் இருக்கும், கட்டடம் மட்டும் அரைகுறையாக நிற்கும். செத்த செல்களின் மிச்சத்தில் படிகம் துளிர்ப்பதும் உண்டுதான். ஆனால் முழு எலும்பானாலும் அரைகுறையானாலும், அதன் பின்னால் உயிருள்ள செல்களின் வேலை பெரிதாக இருக்கிறது என்பது இன்று உறுதி.

வேலை எப்படித் தொடங்குகிறது? கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் விடை பிடிபடும். நம் ரத்தத்திலும் திசு நீரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதுமே நிறைய இருக்கின்றன. படிகமாக உறைய ஓர் இடம் வாய்த்தால் போதும், உறைந்துவிடும் என்கிற அளவு. அப்படியிருக்க, தோலும் தசையும் ஈரலும் ரத்தக்குழாயும் ஏன் கல்லாகிப் போகவில்லை? உடல் ஒவ்வொரு நொடியும் அதைத் தடுத்துக்கொண்டிருப்பதால்தான். பைரோபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு படிகம் வளர்வதை மறிக்கிறது. ஈரலில் உற்பத்தியாகி ரத்தத்தில் சுற்றும் ஃபெட்டுயின் என்ற புரதம், உருவாகும் நுண்துகள்களைப் பிடித்துப் பொதிந்து அப்புறப்படுத்துகிறது. தமனிச் சுவரின் தசைச் செல்களே சுரக்கும் ‘மேட்ரிக்ஸ் கிளா புரதம்’ அந்த இடத்திலேயே காவல் இருக்கிறது.

இந்தக் காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1997இல் ஜெரார்ட் கார்சென்டி குழு எலிகளில் காட்டியது. மேட்ரிக்ஸ் கிளா புரதத்துக்கான மரபணுவை நீக்கிவிட்டு வளர்த்த எலிகள் பிறக்கும்போது நன்றாகவே இருந்தன. இரண்டு மாதங்களுக்குள் அவற்றின் தமனிகள் விறைத்துக் கால்சியம் ஏறி வெடித்து, எலிகள் இறந்துபோயின. பெருந்தமனியில் குருத்தெலும்புச் செல்கள் இருந்தன. அந்த எலிகளுக்குக் கூடுதல் கால்சியம் எதுவும் ஊட்டவில்லை. ஒரே ஒரு தடை விலகியதற்கு இந்த விளைவு. மனிதரிலும் இதற்கு நிகரான துயரம் உண்டு. பைரோபாஸ்பேட்டை உண்டாக்க உதவும் மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தமனிகளில் பரவலாகக் கால்சியம் ஏறுகிறது. பலர் முதல் ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. மிக அரிய நோய். ஆனால் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அறியாத ஒரு குழந்தையின் தமனியில் கால்சியம் ஏறுகிறது என்றால், சாப்பாட்டுத் தட்டில் காரணம் தேடுவது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

தடை தளர்வது ஒரு பாதி. இன்னொரு பாதி, செல்கள் தம் தொழிலை மாற்றிக்கொள்வது. 1965இல் மார்ஷல் யூரிஸ்ட், எலும்புத் தூளில் இருக்கும் ஏதோ ஒன்று தசைக்குள்ளும் எலும்பை வளர்க்கிறது என்று கண்டார். அந்தப் பொருள் பின்னாளில் எலும்பு உருவாக்கும் புரதங்கள் என்ற குடும்பமாக அடையாளம் காணப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிறிஸ்டினா போஸ்ட்ரோம், லிண்டா டெமர் ஆகியோரின் குழு 1993இல் அதே குடும்பத்துப் புரதம் ஒன்று மனிதத் தமனியின் கொழுப்புத் திட்டுகளில் உற்பத்தியாவதைக் கண்டது. விர்ச்சோ கண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, துறை மறுபடி விழித்துக்கொண்டது அந்தக் கட்டுரையால்தான் என்பேன்.

தமனிச் சுவரைச் சுற்றிலும் மென்தசைச் செல்கள் இருக்கின்றன. குழாயைச் சுருக்குவதும் தளர்த்துவதும் அவற்றின் வேலை. எலும்பு கட்டும் செல்களுக்கும் இவற்றுக்கும் வளர்கருவில் நெருங்கிய உறவு உண்டு. ஆக்சிஜனேற்றம் அடைந்த கெட்ட கொழுப்பு, ஓயாத அழற்சி, மிகுந்த சர்க்கரை, மிகுந்த பாஸ்பேட் இவற்றில் ஊறும்போது இந்தச் செல்கள் சுருங்கி விரியும் குணத்தை இழக்கின்றன. எலும்புச் செல்லை எலும்புச் செல்லாக ஆக்கும் ரன்எக்ஸ்2 என்ற மரபணு அவற்றில் இயங்கத் தொடங்குகிறது. சியாட்டிலில் செசீலியா ஜாக்கெல்லி குழு 2000ஆம் ஆண்டில் செய்த சோதனை இதைத் தெளிவாக்கியது. மனித மென்தசைச் செல்களை இயல்பான பாஸ்பேட் அளவில், அதாவது லிட்டருக்கு 1.4 மில்லிமோலில், வளர்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. அளவை 2 மில்லிமோலுக்கு உயர்த்தியதும் கால்சியம் படிந்தது, எலும்பு மரபணுக்கள் விழித்தன. 2009இல் அதே குழு, எலிகளின் தசைச் செல்களுக்கு மரபணு அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்து, தமனியில் காணும் எலும்புவகைச் செல்களில் பெரும்பகுதி அந்தத் தசைச் செல்களின் வழிவந்தவையே என்று நிறுவியது.

பாஸ்பேட் என்றதும் சிறுநீரக நோயாளிகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பழுதான சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியேற்றாது. அமெரிக்காவில் இளம் டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனியில் கால்சியம் இருந்தது. அதே வயதில் சிறுநீரகம் நலமாக இருந்த 60 பேரில் மூவருக்கு மட்டுமே இருந்தது. இருபத்தைந்து வயதில் எழுபது வயதுத் தமனி. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் சாப்பாட்டுடன் பாஸ்பேட்டைப் பிணைக்கும் மாத்திரையை விழுங்கச் சொல்லி மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான். இன்னொன்று: பருப்பு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸ் பைட்டேட்டாகப் பிணைந்திருப்பதால் குடல் அதில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. கோலா பானங்களிலும், பாக்கெட்டில் அடைத்த பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. சிறுநீரகம் பழுதானவர்கள் முதலில் விலக்க வேண்டியது பாக்கெட்டைத்தான். பருப்பை எவ்வளவு குறைப்பது என்று உணவியல் வல்லுநரைக் கேட்டுக்கொள்ளலாம்.

தமனியில் கால்சியம் ஏறுவது நவீன வாழ்க்கையின் நோய் என்று சொல்வாருண்டு. ஓரளவுக்குத்தான் சரி. எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்கு, அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களைச் சேர்ந்த 137 மம்மிகளை சி.டி. ஸ்கேன் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், 47 உடல்களில் தமனித் தடிப்பின் அடையாளம் தெரிந்தது. நெடுங்காலமாய்ச் சதை வற்றிக் கிடந்த உடலில் அதைக் காட்டிக்கொடுத்ததே கால்சியம்தான்.

இனி வீட்டுக் கேள்விக்கு வருவோம். பாலையும் கேழ்வரகையும் நிறுத்தலாமா? நம் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் இருப்பது மிகச் சிறிதளவு. அந்தச் சிறிதளவைப் பாராதைராய்டு சுரப்பி மிகக் குறுகிய எல்லைக்குள் நிறுத்திவைக்கிறது. நீங்கள் கால்சியம் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் அளவு குறைந்துவிடாது. சுரப்பி எலும்பைக் கரைத்து அந்தக் குறையை நிரப்பும். தமனியின் பெயரால் நிறுத்திய கேழ்வரகுக்கு இடுப்பெலும்பு விலை கொடுக்கிறது. எலும்பு கரைவதும் தமனியில் கால்சியம் ஏறுவதும் பலருக்கு ஒன்றாகவே நடக்கிறது என்பது இன்னும் கவலைக்குரியது. 1998இல் ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எலும்பு மெலிந்தது, தமனியில் கால்சியமும் ஏறியது. மாதவிடாய் நின்ற பெண்களிலும் சிறுநீரக நோயாளிகளிலும் மருத்துவர்கள் அன்றாடம் காணும் முரண் இது.

அமெரிக்காவில் ஆறு பகுதிகளில் நடக்கும் ‘மீசா’ என்ற நெடுங்கால ஆய்வில் பங்கேற்றவர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 2016இல் வந்த முடிவு இங்கே உதவும். அதிகக் கால்சியம் உட்கொண்டவர்களுக்குத் தமனியில் புதிதாகக் கால்சியம் தோன்றும் வாய்ப்பு கூடவில்லை, குறைவாகவே இருந்தது. மாத்திரையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் அது சற்றுக் கூடுதலாக இருந்தது. இது கண்காணிப்பு ஆய்வு. மாத்திரைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் கருத்து தெளிவானது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிற ஊரில், தேவையை முதலில் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது. மாத்திரை தேவைப்படுகிறவர்கள், குறிப்பாக எலும்பு மெலிந்த பெண்கள், அதை எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கால்சியம் ஸ்கோரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆர்தர் அகட்ஸ்டனும் வாரன் ஜானோவிட்ஸும் 1990இல் வகுத்த கணக்கு அது. சுழியம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு மாரடைப்பு வாய்ப்பு மிகக் குறைவு. அறவே இல்லை என்று பொருளில்லை, கால்சியம் ஏறாத மென்கொழுப்புத் திட்டு இந்த ஸ்கேனில் தெரியாது. நூறுக்கு மேல் போனால், கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைப் பற்றித் தீவிரமாகப் பேச வேண்டிய கட்டம். ஸ்கோர் எவ்வளவு பெரிதானாலும், அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து ஸ்டென்ட் வைக்க வேண்டியதில்லை. குழாய் எத்தனை விழுக்காடு அடைத்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. நோய் எவ்வளவு காலமாக, எவ்வளவு பரவலாக இருந்திருக்கிறது என்பதையே சொல்கிறது.

இரண்டாண்டு கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, ஸ்டாட்டின் சாப்பிட்டும் எண் ஏறிவிட்டதே என்று மருந்தைத் தூக்கிப்போடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. ஸ்டாட்டின் கொழுப்புத் திட்டைச் சுருக்குகிறது. அதேசமயம் அதில் கால்சியத்தைக் கூட்டுகிறது. குழாய்க்குள் ஒலியலை அனுப்பிப் படம்பிடித்த பல சோதனைகளைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வு இதை உறுதிசெய்தது. திட்டின் மெல்லிய மூடியில் ஆங்காங்கே தூவியதுபோல் இருக்கும் நுண்துகள்கள் மூடியைக் கிழியச்செய்யலாம். அவையே சேர்ந்து அகன்ற தகடாக இறுகிவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் நிலைபெற்றுவிடுகிறது. எண் ஒன்றுதான், அதற்குள் இருக்கும் நோய் இரண்டு விதம். எடின்பரோ மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது. எலும்பு ஸ்கேனுக்கென்று பல காலமாகப் பயன்பட்டுவந்த கதிரியக்க சோடியம் ஃபுளோரைடை, மாரடைப்பு வந்த 40 பேருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 37 பேருக்கு, மாரடைப்புக்குக் காரணமான திட்டே மிகுதியாக ஒளிர்ந்தது. எலும்பு வளரும் இடத்தைத் தேடிப்போகும் பொருள், தமனியில் புதிதாகப் படிகம் உருவாகிக்கொண்டிருக்கும் இடத்தையும் தேடிப்போகிறது.

படிந்த கால்சியத்தைக் கரைத்துவிட முடியாதா? முடியும் என்று சொல்லி, வாரம் ஒருமுறை நரம்பில் மருந்தேற்றிப் பெருந்தொகை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கீலேஷன் என்ற அந்தச் சிகிச்சையை, மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் சுமார் ஆயிரம் பேரிடம் முறையாகச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். நாற்பது முறை மருந்தேற்றியும், மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு எதுவும் குறையவில்லை. வைட்டமின் கே2 மீது நியாயமான நம்பிக்கை இருந்தது, ஏனென்றால் மேட்ரிக்ஸ் கிளா புரதம் வேலைசெய்ய வைட்டமின் கே வேண்டும். டென்மார்க்கில் 365 ஆண்களிடம், அதை வைட்டமின் டி-யுடன் சேர்த்து இரண்டாண்டு சோதித்துப் பார்த்தார்கள். இதய வால்வில் கால்சியம் ஏறும் வேகம் குறையவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். அந்த வைட்டமினைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தமனியில் கால்சியத்தைக் கூட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் அந்த மருந்தைத் தாமாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து.

அடைப்பு முற்றிவிட்டால், வைரத்துகள் பதித்த சுழலும் முனையால் அந்த இறுகலைச் சுரண்டவும், சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோன்ற அதிர்வலையைக் குழாய்க்குள்ளேயே செலுத்தி விரிசல் விடவைக்கவும் இதய மருத்துவர்களால் முடிகிறது. ஸ்டென்ட் விரிய இடம் கிடைக்கிறது. சுவரில் வளர்ந்த எலும்பு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது. செல்களைத் தொழில் மாற வைக்கும் காரணங்களான கெட்ட கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை ஆகியவற்றை முன்கூட்டியே அடக்குவதைத் தவிர, இன்றைக்கு நம் கையில் உறுதியான வழி வேறில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இதுவரை பேசியது பெரும்பாலும் தமனியின் உள்ளடுக்கில், கொழுப்புத் திட்டோடு சேர்ந்து நடப்பது. 1903இல் மோன்கெபெர்க் விவரித்த இன்னொரு வகை, நடுவடுக்கில், கொழுப்பே இல்லாமல், குழாயின் நீளத்துக்கும் படரும். கால் தமனிகளில் அது சாதாரணம். அது குழாயை உடனே அடைக்காது, விறைக்க வைக்கும். காலில் ரத்த ஓட்டம் சரியா என்று பார்க்கக் கணுக்காலிலும் கையிலும் அழுத்தம் அளந்து வகுக்கிறார்களே, அந்தச் சோதனையில் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் விறைத்த குழாய் அமுங்காது. அதனால் கணுக்கால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். விடை 1.4-ஐத் தாண்டினால் மருத்துவருக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனால் உள்ளே அடைப்பும் இருந்து, விறைப்பும் இருந்து, இரண்டும் சேர்ந்து ‘இயல்பு’ என்று ஓர் எண்ணைக் காட்டிவிடும்போதுதான் ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கால்விரல் தமனிகள் இப்படி விறைப்பது குறைவு. அதனால் பாதத்தில் புண் ஆறாமல் இருக்கும் சர்க்கரை நோயாளிகள், கணுக்கால் அளவு சரியாகவே வந்திருந்தாலும், கால்விரலில் அழுத்தம் அளக்கும் சோதனையையும் டாப்ளர் ஸ்கேனையும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும்.